பொத்தான் பெட்டிக்கு ஒரு நன்றி

நண்பர்களுக்கு வணக்கம்.

ரோட் ஐலண்டின் யூதக் கடைக்காரர்களைப் பற்றிய என் கட்டுரை ஒருவழியாக முடிந்தது. அமெரிக்காவிலேயே சின்ன மாநிலம்தானே, ஒரு மாதத்தில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது.

முதல் நன்றி பிராவிடன்ஸ் நூலகர் ஒருவருக்கு. ரோட் ஐலண்ட் யூத வரலாற்றுச் சங்கம் 1954 முதல் வெளியிட்டுவரும் இதழை எனக்குக் காட்டியவர் அவர். மூட்டை தூக்கி வீடு வீடாக விற்றவர்கள் எப்படிக் கடை போட்டார்கள் என்பது அங்கேதான் பிடிபட்டது.

பிராவிடன்ஸ் வெய்போசெட் தெருவில் இருந்த 'அவுட்லெட்' என்ற பல்பொருள் கடையில் வேலை பார்த்த மூதாட்டிக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சாமுவேல்ஸ் சகோதரர்கள் 1891இல் தொடங்கிய கடை, 1922இல் சொந்தமாக வானொலி நிலையம், 1982இல் மூடல், 1986இல் தீ. இதெல்லாம் ஏட்டிலேயே இருந்தது. அவர் கொண்டுவந்தது கடையின் பெயர் அச்சிட்ட அட்டைப்பெட்டி ஒன்று. மூலைகள் நைந்து, உள்ளே பொத்தான்களும் நூல்கண்டுகளும். கட்டடம் எரிந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டுவைத்தேன். பதில் சொல்லாமல் மூடியைத் திறந்து திறந்து மூடினார். கேட்டிருக்க வேண்டாம்.

கம்பர்லண்டுக்கு மூன்று முறை கார் ஓட்டிய சேகர் அண்ணா, உங்கள் பெட்ரோல் கணக்கு என்னிடம் பத்திரமாக இருக்கிறது! மார்ட்டின் சேஸ் பழைய நூற்பாலை ஒன்றில் நடத்திய ஆன் அண்ட் ஹோப், வால்மார்ட் பிறக்கும் முன்பே அதன் நிறுவனர் சாம் வால்டன் வந்து பார்த்துவிட்டுப் போன தள்ளுபடிக் கடை. நமக்குக் கிடைத்ததென்னவோ பனி மூடிய வாகன நிறுத்துமிடத்தின் படம்தான். சரி, அதுவும் கட்டுரையில் இருக்கிறது.

எழுதியதைத் திருத்திக் கொடுத்த மாலதிக்குத் தனி நன்றி. நியூபோர்ட்டின் ஆரோன் லோபஸை நான் தலையில் தூக்கி வைத்து ஆடியிருந்தேன். போர்ச்சுகலில் மதத்தை மறைத்து வாழ்ந்து, 1752இல் இங்கு வந்து, திமிங்கல மெழுகுவத்தி விற்றுப் பெரிய வணிகரானவர்; ஆனாலும் யூதர் என்பதால் ரோட் ஐலண்ட் குடியுரிமை மறுத்துவிட்டது என்று உருகியிருந்தேன். "அடிமை வணிகத்துக்குக் கப்பல் அனுப்பியவரும் இவர்தானே?" என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி. சுருக்கென்றது. அந்தப் பத்தியை முழுக்க மாற்றி எழுதினேன்.

அப்புறம், படம் எடுக்க வாங்கிவந்த பெட்டியை ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். கைதவறிக் கொட்டியதில் ஒரு நீலப் பொத்தானை மட்டும் காணோம். சோபாவை நகர்த்தித் தேடிக்கொண்டிருக்கிறேன்.