சமத்துவம் வேண்டும், நாய்க்குட்டிகளுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த நீதிக்கதைகள் பற்றிய கட்டுரையில் ஈசாப், லா ஃபோன்டேன், கிரைலோவ் மூவரையும் பற்றி நிறைவாக எழுதியிருந்தார்கள். ஆனால் நீதிக்கதை சிறுவர்களுக்கானது என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. ருமேனியக் கவிஞர் கிரிகோரே அலெக்சாந்திரெஸ்கு நீதிக்கதை எழுதியதற்காகச் சிறைக்கே போனவர்.

1810-இல் தர்கோவிஷ்டே நகரில் பிறந்து, இளம் வயதிலேயே பெற்றோரை இழந்தவர் அவர். அவர் எழுத வந்த காலத்தில், இன்றைய ருமேனியாவின் தென்பகுதியான வாலாக்கியா ரஷ்யாவின் மேலாதிக்கத்தில் இருந்தது. மனிதர்களைப் பற்றி நேராகச் சொல்ல முடியாததை விலங்குகளையும் பறவைகளையும் பேசவைத்துச் சொன்னார். அதிகாரிகளுக்கும் அது புரிந்துவிட்டது. அன்னமும் அண்டங்காக்கைக் குஞ்சுகளும் வரும் கதைப்பாட்டு நாட்டு நிலைமையைச் சாடுகிறது என்று 1840-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள்.

‘நாயும் நாய்க்குட்டியும்’ என்ற கதைப்பாட்டைப் பாருங்கள். சாம்சன் என்ற பெரிய காவல் நாய் ஒரு எருதிடம் அங்கலாய்க்கிறது. சிங்கமும் கரடியும் ஓநாயும் குலப்பெருமை பேசித் திரிகின்றனவாம். தன்னை யாரும் “ஐயா” என்று அழைக்க வேண்டாம், வெறும் “நாய்” என்றாலே மகிழ்ச்சியாம். ஓரமாக இருந்து இதைக் கேட்ட சாமுராக்கே என்ற குட்டி, பூரித்துப்போய் அருகில் வந்து “சகோதரர்களே” என்கிறது. அவ்வளவுதான். “நாங்கள் உனக்குச் சகோதரர்களா?” என்று சாம்சன் சீறுகிறது, மறக்க முடியாதபடி உதைப்பேன் என்கிறது. “நீங்கள்தானே இப்போது சொன்னீர்கள்...” என்று குட்டி இழுக்க, வருகிறது பதில்: சிங்கங்களை வெறுப்பது உண்மைதான், சமத்துவம் வேண்டும் என்பதும் உண்மைதான், ஆனால் நாய்க்குட்டிகளுக்கு அல்ல!

மேலே இருப்பவனோடு மட்டும் சமமாக நிற்க ஆசைப்படும் மனதை இவ்வளவு சிறிய பாட்டில் பிடித்துக் காட்டியவர்கள் அரிது.

அவர் கதைப்பாட்டோடு நின்றவரும் அல்லர். ஓல்ட் நதிக்கரையில் உள்ள கோசியா மடத்தில் பழைய வாலாக்கிய மன்னர் மிர்ச்சாவின் கல்லறை இருக்கிறது. அங்கு பிறந்த கவிதையில், மடத்துக் கோபுரங்களின் நிழல்கள் நதியலைகளின் மேல் படுத்துக் கிடக்கின்றன. மாவீரனின் ஆவி எழுகிறது. அந்த வீரத்தைப் போற்றியபடியே, போர் என்பது மரணம் விரும்பும் கொடிய சாட்டை என்கிறார். ‘1840-ஆம் ஆண்டு’ என்ற கவிதையில் புத்தாண்டிடம் தனக்கென்று எதுவும் கேட்காமல், தன் விதியை மக்களின் விதியோடு சேர்த்துக்கொள்ளவே விரும்புகிறார்.

அவருடைய பிற்காலம் நெஞ்சை உருக்குவது. 1860 வாக்கில் மனநோய் தாக்க, எழுத்து ஓய்ந்து, 1885-இல் புக்கரெஸ்டில் மறைந்தார்.

ருமேனிய மொழி தெரிந்த யாரையாவது கொண்டு இவருடைய கதைப்பாட்டுகளை மூலத்திலிருந்தே மொழிபெயர்த்து, சிறுவர் பகுதியில் அல்லாமல் கவிதைப் பக்கத்திலேயே வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கும்பகோணம்