ஜெர்மனில பான் ஊர்ல இருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி தேவலயா? எனக்கு இங்க குளிர்தான் ஒத்துக்கல, நாலரைக்கெல்லாம் இருட்டிடுது. ஞாயித்துக்கிழமை கடையெல்லாம் மூடிக்கெடக்கும், பேச ஒரு ஆள் கிடையாது, அதான் செஸ் கிளப்ல சேந்தேன். போன ஞாயிறு அவங்க டீமுக்கு லீக் மேட்ச் ஆடினேன்ப்பா. டீமுக்கு எட்டு பேர், எட்டு போர்டு, நான் ஏழாவது போர்டு, எனக்கு கருப்பு காய். எதிர்ல உக்காந்தவருக்கு உங்க வயசு இருக்கும், ரேட்டிங் 1910, எனக்கு 1640தான்.

இங்க காய்க்கெல்லாம் பேரே வேற. நம்ம யானை இங்க டுர்ம், அதாவது கோபுரம். குதிரை ஷ்ப்ரிங்கர், குதிக்கிறவன். சிப்பாய்க்கு பவுவர், விவசாயின்னு அர்த்தமாம், கேட்டதும் உங்க ஞாபகந்தான் வந்துச்சு.

இருபதாவது மூவ்ல ஒரு சிப்பாய கோட்டவிட்டேன். அப்புறம் ஒவ்வொண்ணா வெட்டிக்கிட்டு கடைசில அவருக்கு ராஜா, யானை, ஒரு சிப்பாய், எனக்கு ராஜாவும் யானையும் மட்டுந்தான், கிளாக்குல ஒரு நிமிஷம், மூவுக்கு 30 செகண்ட் கூடும், அவ்ளோதான், கையெல்லாம் நடுங்குது. அப்பதான் திண்ணைல நீங்க சொல்லிக்குடுத்தது வந்துச்சு, யானைய நம்ம பக்கத்துல இருந்து மூணாவது வரிசைல நிறுத்து, எதிராளி ராஜா உள்ள வரமுடியாது, சிப்பாய் அந்த வரிசைக்கு வந்தா யானைய ஒரே ஓட்டமா எதிராளி கடைசி வரிசைக்கு கொண்டுபோயி பின்னாடியிருந்து செக் குடுன்னு சொல்வீங்கல்ல. அப்டியே பண்ணேன். செக், செக், அவர் ராஜாவுக்கு ஒளிய இடமே இல்ல. கைய நீட்டி "ரெமீ"ன்னாரு, டிரா!

அப்புறம் பக்கத்து ரூமுக்கு கூட்டிட்டுப்போயி காபி வாங்கிக்குடுத்து முழு கேமையும் திரும்ப போட்டுப் பாத்தாரு, ஒன்றரை மணி நேரம். இந்த ஊருக்கு வந்து என்கிட்ட யாரும் அவ்ளோ நேரம் உக்காந்து பேசினதில்லப்பா. யார் சொல்லிக்குடுத்ததுன்னு கேட்டாரு, எங்கப்பான்னு சொன்னேன். 2008 உலக சாம்பியன்ஷிப்ல ஆனந்த் கிராம்னிக்க 6.5-4.5ன்னு ஜெயிச்சது இதே பான்லதான், அத அவர் நேர்ல போயி பாத்தாராம். மூணாவது கேம்ல ஆனந்த் கருப்பு வச்சு ஜெயிச்சத நாம பேப்பர பாத்து போர்டுல ஆடினோமே, அதையும் சொன்னேன், அவருக்கு அவ்ளோ சந்தோஷம்.

ஸ்கோர் ஷீட்ட தம்பி போனுக்கு அனுப்பிருக்கேன். அந்த இருபதாவது மூவுக்கு நான் என்ன ஆடிருக்கணும்னு பாத்து சொல்லுங்க.

உங்க மகன்