கேரம் போர்டும் இருபத்தேழாம் நம்பரும்

கிளீவ்லாந்து
1.11.2022, இரவு 1.40

அன்புள்ள ரங்கா,

ஆகஸ்டில் பென் ஹில்ஸ் கோவிலில், புளியோதரை வரிசையில் நின்றபடி நாம் போட்ட சண்டைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை என்பதைக் குறித்து வைத்திருக்கிறேன். தவறு என்னுடையதுதான், பாதி.

முழங்கால் பரவாயில்லை, படி இறங்கும்போது மட்டும் பேசுகிறது. கமலா நலம். பெரியவளுக்கு வேலை மாறியதில் சம்பளம் கூடியிருக்கிறது, போன் குறைந்திருக்கிறது. சேதுவுக்கு பைபாஸ் நல்லபடியாக முடிந்ததாக அவன் மனைவி சொன்னார். "இனிமேல் அவன் கபடிக்குப் பாடிப் போகலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்" என்றேன். சிரித்தார். சிரிக்கும் நிலைமையில் இருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி.

இப்போதுதான் எங்கள் பிரவுன்ஸ் அணியின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் பார்த்துவிட்டு மைதானத்திலிருந்து வந்தேன். சின்சினாட்டியை 32-13 என்று உரித்து அனுப்பினோம். நான்கு வாரம் வரிசையாகத் தோற்ற பிறகு வந்த வெற்றி. எங்கள் ஓட்டக்காரன் நிக் சப் பந்தோடு ஓடியது 101 கெஜம், எல்லைக்கோட்டைத் தாண்டிய டச்டவுன் இரண்டு. (கெஜம் என்றால் ஜவுளிக்கடையா என்று கேட்பாய். கேள்.) நிம்மதியாகத் தூங்க வேண்டியவன் சாப்பாட்டு மேஜையில் ஆறிய ரசத்தை வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன் என்றால், காரணம் உனக்கே தெரியும். இன்று மாலை நான்கு மணியோடு ஆட்களைக் கைமாற்றும் கெடு முடிகிறது. இன்னோர் ஓட்டக்காரன், இருபத்தேழாம் நம்பர் கரீம் ஹன்ட்டை விற்கப் போகிறார்களா என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு.

கோவிலில் நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஓர் உறைக்குள் இரண்டு கத்தி எதற்கு? சப்புக்கு 3.66 கோடி டாலர் கொடுத்து மூன்று வருடத்துக்கு நீட்டியாயிற்று. மற்றவனுக்கு இந்த வருடத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, அவனே போகிறேன் என்கிறான். கிடைத்ததை வாங்கிக்கொண்டு அனுப்பு." எங்கே நின்றுகொண்டு இதைச் சொன்னாய், யோசித்தாயா? கோவில் மேளத்தில் நாயனம் இரண்டு, தவில் இரண்டு. ஒரு தவில்காரரை விற்று அந்தக் காசில் ஜால்ரா வாங்கலாம் என்று எந்தத் தர்மகர்த்தாவாவது சொன்னதுண்டா?

சப் பொறுமைக்காரன். எதிராளிகளைத் தடுக்கும் முன்வரிசை இடம் விடும்வரை அரைக் கணம் காத்திருப்பான், பிறகு ஆளைக் காணோம். ஹன்ட் அப்படியில்லை, பந்து கைக்கு வந்ததுமே யாரிடமோ கடன் வசூலிக்கப் போவதுபோல் ஓடுவான், பந்தைப் பிடிக்கவும் தெரிந்தவன். 2020இல் சப் முழங்காலில் அடிபட்டு நான்கு ஆட்டம் உட்கார்ந்திருந்தபோது சுமையை இழுத்தவன் ஹன்ட். அப்படியும் வருட முடிவில் சப் 1,067 கெஜம், ஹன்ட் 841. ஹூஸ்டன் ஆட்டத்தில் இரண்டு பேருமே நூறைத் தாண்டினார்கள். அதில்தான் சப் எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டு, நேரத்தைக் கடத்துவதற்காக ஒரு கெஜம் மிச்சம் வைத்து வெளியே காலை வைத்தான், நினைவிருக்கிறதா? கைக்கு வந்த டச்டவுனை அணிக்காக விட்ட ஆள். அதற்கடுத்த ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் உங்கள் மைதானத்திலேயே முதல் கால்பகுதியில் 28-0, முடிவில் 48-37, ஹன்ட் மட்டும் இரண்டு டச்டவுன். அன்று உங்கள் அணிக்காக நீ சுழற்றும் மஞ்சள் துண்டு கையிலிருந்து தலைக்கு ஏறியதை நான் வீடியோ அழைப்பில் கண்ணாரப் பார்த்தேன்.

சரி, உன் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதம் முழுக்க அதுவாகத்தான் இருக்கும். போன வருடம் அக்டோபரில் சப்பும் இல்லை, ஹன்ட்டும் இல்லை. டெர்னஸ்ட் ஜான்சன் என்று மூன்றாவது ஆள் இறங்கி டென்வருக்கு எதிராக 146 கெஜம் ஓடினான். இந்த வேலைக்கு வருமுன் கீ வெஸ்ட்டில் மீன்பிடிப் படகில் இருந்தவன்! முன்வரிசை நன்றாக இருந்தால் யாரும் ஓடலாம் என்று நீ அன்றே தந்தி அடிக்காத குறை. விலையைப் பார்த்தால் அதுவும் உன் பக்கம்தான். பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் கரோலினா தன் ஓட்டக்காரன் மெக்காஃப்ரியைக் கொடுத்து சான் பிரான்சிஸ்கோவிடம், புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில் இரண்டு, மூன்று, நான்காம் சுற்று இடங்களையும், அதற்கடுத்த வருடத்து ஐந்தாம் சுற்றையும் வாங்கிக்கொண்டது. அடுத்த சில நாளில் ஜாக்சன்வில் தன் ஓட்டக்காரன் ஜேம்ஸ் ராபின்சனைக் கொடுத்து வாங்கியது ஒரு ஆறாம் சுற்று, அதுவும் நிபந்தனையோடு. ஒரே சந்தை, ஒரே வாரம், ஒரு கடையில் தங்க விலை, பக்கத்துக் கடையில் பழைய இரும்பு விலை. ஹன்ட் எந்தக் கடையில் இருக்கிறான் என்று என்னைக் கேட்காதே.

கமலாவிடம் கேட்டால் இன்றைக்கே அனுப்பு என்பாள். 2018இல் வெளிவந்தது நினைவிருக்கும், ஹோட்டல் தாழ்வாரத்தில் அவன் ஒரு பெண்ணைத் தள்ளி உதைத்த அந்தக் காணொளி. கான்சாஸ் சிட்டி அன்றே அவனை வெளியே அனுப்பியது. இரண்டரை மாதத்தில், உள்ளூர்ப் பையன் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவன் ஓடும்போது நான் எழுந்து நிற்பேன், அவள் உட்கார்ந்தே இருப்பாள். மூன்று வருடமாக இந்த விஷயத்தில் நாங்கள் விவாதிப்பதில்லை. அவளிடம் ஜெயிக்கிற வாதம் என்னிடம் இல்லை.

ஆனால் இன்றிரவு பக்கத்து இருக்கைக் கிழவர் சொன்னதைக் கேள். எழுபத்து நான்கு வயது, சர்க்கரை, இருந்தும் ஒரு ஆட்டம் விடமாட்டார். நான் ஹன்ட் பேச்சை எடுத்ததும் பணப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு டிக்கெட் துண்டை எடுத்துக் காட்டினார். எழுத்து முழுக்க அழிந்து, ஓர் ஓரத்தில் மட்டும் ஆரஞ்சு நிறம் பாக்கி. 1962 செப்டம்பர், வாஷிங்டன் ஆட்டம்.

இந்த ஊர் இதை ஒருமுறை செய்து பார்த்திருக்கிறது, ரங்கா. ஜிம் பிரவுனும் பாபி மிட்செலும் எங்கள் அணியில் நான்கு வருடம் ஒன்றாக ஓடினார்கள். 1961 டிசம்பரில் பயிற்சியாளர் பால் பிரவுன் மிட்செலை வாஷிங்டனுக்குக் கொடுத்துவிட்டு, எர்னி டேவிஸை வாங்கினார். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரனுக்கான ஹைஸ்மன் விருது பெற்ற முதல் கறுப்பின வீரன் டேவிஸ், ஜிம் பிரவுன் படித்த அதே சிரக்யூஸ் பல்கலைக்கழகம். காகிதத்தில் அதைவிட நல்ல வியாபாரம் கிடையாது. அடுத்த கோடையில் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆகஸ்டில் ஒருநாள் இரவு மைதான விளக்குகளை அணைத்து, ஒற்றை வெளிச்சத்தில் அவனை நடத்திக் காட்டினார்கள். ஒரே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 1963 மே மாதம் இறந்தான், இருபத்து மூன்று வயது.

மிட்செலோ, கறுப்பர்களையே சேர்க்காமல் இருந்து, அரசாங்கம் நெருக்கிய பிறகு வழிக்கு வந்த அணிக்குப் போய், அங்கே பந்து பிடிப்பவனாக மாறி, அந்த வருடமே லீக்கில் அதிகமாக 1,384 கெஜம் எடுத்தான். கிழவர் பார்த்த ஆட்டத்தில், இதே ஊரில், மிட்செலின் 50 கெஜ டச்டவுனால் வாஷிங்டன் 17-16 என்று ஜெயித்தது. "என் மாமா வீடு வரும்வரை பேசவில்லை" என்றார் கிழவர். டிக்கெட்டைத் திரும்ப உறைக்குள் நுழைக்க விரல் நடுங்கியது, நான் பிடித்துக்கொண்டேன்.

பாதி வண்டி ஓட்டி வரும்வரை இதை உனக்கு எதிரான சாட்சியாகத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் உறைத்தது. மிட்செலுக்கு என்ன நஷ்டம்? ஜிம் பிரவுனுக்குப் பக்கத்திலேயே இருந்திருந்தால் கடைசிவரை இரண்டாவது ஆள். ஹன்ட்டும் அதைத்தானே ஆகஸ்டில் கேட்டான்? நான் மூன்று மாதமாக உன்னோடு சண்டை போட்டது கிளீவ்லாந்துக்காக. அவனுக்காக இல்லை.

கேரம் போர்டு விஷயத்தை இப்போது சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எப்போதும் சொல்லமாட்டேன். 1984இல் விடுதிக் கபடி அணியிலிருந்து என்னைப் பக்கத்து விடுதிக்குக் கொடுத்துவிட்டு நீ ஒரு கேரம் போர்டு வாங்கிக்கொண்டாய், அதிலும் சிவப்புக் காய் இல்லை. முப்பத்தெட்டு வருடமாக உன் கல்யாணத்தில், உன் பெண் கல்யாணத்தில், உன் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை வந்தபோதுகூட அதைச் சொல்லிக் காட்டியிருக்கிறேன். ரங்கா, அதற்கு முந்தைய வாரம் நானே அவர்கள் கேப்டனின் அறைக்குப் போய் என்னைக் கேட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். சேது மாட்டினால்தான் எனக்கு முறை. ஓரத்தில் நின்று, நண்பன் மாட்ட வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன். அது எனக்கே பிடிக்கவில்லை.

சேதுவிடம் இதை நான் நேரில் சொல்கிறேன். நீ முந்திக்கொள்ளாதே.

மணி இரண்டரை. கமலா மாடியிலிருந்து விளக்கை அணைக்கச் சொல்கிறாள். நான்கு மணிக்கு எது நடந்தாலும் நீ போன் செய்து கொக்கரிக்காமல் இரு, ஒரு நாளாவது. பார்மா கோவில் பக்கம் வந்தால் வீட்டுக்கு வராமல் போகாதே. வரும்போது போன தடவை வைத்துவிட்டுப் போன என் எவர்சில்வர் தூக்கையும் எடுத்து வா.

உன்
மணி