அது தற்செயல் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் விஞ்ஞானப் பக்கத்தில், துருப்பிடிக்காத உருக்கு ‘தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி வந்திருந்தது. கண்டுபிடித்தவரின் பெயர்கூட இல்லை. நாற்பது வருடமாக உங்கள் பத்திரிகையை வாங்கும் எனக்கு அது நெஞ்சில் தைத்தது.

அவர் பெயர் ஹரி பிரியர்லி. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் உருக்காலைத் தொழிலாளி ஒருவரின் மகன். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவப் போனவர். துப்பாக்கிக் குழாயின் உட்புறம் அரிபடாத உருக்கைத் தேடி, குரோமியத்தின் அளவை மாற்றி மாற்றி வார்த்தார். 1913 ஓகஸ்ட் 13இல் வார்த்ததில் 12.8 வீதம் குரோமியம், 0.24 வீதம் காபன். அமிலம் அதைத் தின்னவில்லை. வினாகிரியும் தேசிக்காய்ப் புளியும் விட்டுப் பார்த்தார். துப்பாக்கிக்குத் தேடியவர் சாப்பாட்டு மேசைக் கத்தியை நினைத்தாரே, அந்த நினைப்பைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது? ஜேர்மனியின் குருப் உருக்காலையினர் 1912இலேயே, குரோமியத்தோடு நிக்கலும் சேர்த்த உருக்குக்குக் காப்புரிமை கேட்டிருந்தார்கள். அவர்களும் தேடித்தான் கண்டார்கள்.

நான் கொக்குவிலில் துருத்தி ஊதி வளர்ந்தவன். தேசிக்காய் வெட்டினால் அம்மாவின் கத்தி கறுத்துவிடும், அக்கா சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். பழுக்கக் காய்ச்சிய அலகைத் தோய்த்துக் குளிரவைத்த பிறகு ஐயா அதை மீண்டும் மெல்லச் சூடாக்கி, வைக்கோல் நிறம் வந்தவுடன் எடுப்பார். நீலம் பாய விட்டால் அலகு மெதுத்துவிடும். அவருக்கு இருந்த அந்த அறிவை ஊர் ‘கைப்பழக்கம்’ என்றது. ‘கொல்லன்ரை பெடியனுக்கு ஏன் இரசாயனம்?’ என்று வகுப்பில் ஒரு வாத்தியார் கேட்டது இன்றும் காதில் நிற்கிறது. பிரியர்லியின் உருக்கைச் சரியான சூட்டில் அடிக்கத் தெரியாத கத்திக்காரர்களும் அவரை, வெட்டாத கத்தி செய்தவர் என்று நகைத்தார்கள். தான் வேலை செய்த ஆலையோடு கண்டுபிடிப்பின் உரிமை பற்றித் தகராறு வந்து 1915இல் அவர் விலகினார். 1920இல்தான் உருக்குத் துறையின் பெசமர் தங்கப் பதக்கம் கிடைத்தது.

ஆனந்த குமாரசுவாமியைக் கலை மேதை என்று பலமுறை எழுதியிருக்கிறீர்கள். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வின் முதல் பணிப்பாளர் அவர். கிராமத்துக் கொல்லர் இரும்பு உருக்கியதைப் பார்த்து எழுதிவைத்தவரும் அவரே. அதை உங்கள் பக்கங்களில் நான் ஒருநாளும் காணவில்லை. உங்களுக்குத் தெரியாததல்ல.

பிரியர்லியின் பெயரோடு ஒரு திருத்தம் போடுங்கள். வரும் ஓகஸ்ட் 13இல் அவர் படத்தோடு நான்கு வரி போட்டாலும் போதும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பட்டறைப் பயிற்றுநர்,
கொக்குவில்.