குடும்பப் பெயரும் குலவழியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நீங்கள் எழுதும் முதல் கடிதம் இது. வரிகள் பழையபடி நேராக நிற்பதைப் பார்த்ததே எனக்குப் பெரிய ஆறுதல். பேத்தியுடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணுக்கு ஸ்பானியக் குடும்பப் பெயர் இருப்பதால், அவருடைய முன்னோர் ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த முடிவு தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதால், மற்ற சேதிகளைத் தள்ளி வைத்துவிட்டு இதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

1849 நவம்பரில், பிலிப்பைன்ஸை ஆண்ட ஸ்பானிய ஆளுநர் நார்சிசோ கிளாவேரியா ஓர் ஆணை பிறப்பித்தார். அதுவரை அங்கே பெரும்பாலோருக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர் கிடையாது. ஞானஸ்நானம் பெற்றவர்கள் புனிதர்களின் பெயர்களை விருப்பம்போல் சேர்த்துக்கொண்டார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு ஒரு பெயர், தம்பிக்கு வேறொரு பெயர், ஒட்டுறவே இல்லாத பல வீடுகளுக்கு ‘தெ லா குரூஸ்’ என்ற ஒரே பெயர் என்று இருந்ததால் வரிக் கணக்கும் திருமணப் பதிவும் குழம்பிக் கிடந்தன. ஆளுநர் ஏறத்தாழ 60,000 பெயர்களை அகரவரிசையில் தொகுத்து மாகாணங்களுக்கு அனுப்பினார். மாகாண அதிகாரிகள் அந்தத் தொகுப்பின் பக்கங்களை ஊர்களுக்குப் பங்கிட்டார்கள். தம் ஊருக்கு வந்த பக்கத்திலிருந்து குடும்பத் தலைவர் ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டார். ஸ்பெயினோடு எந்த இரத்த உறவும் இல்லாத இலட்சக்கணக்கானோர் ஸ்பானியப் பெயர் பெற்றது இப்படித்தான்.

ஆனால் என்னை வியக்க வைப்பது இதன் மறுபக்கம். பக்கங்கள் ஊர்வாரியாகப் பிரிந்ததால், சில ஊர்களில் எல்லாருடைய பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கலாயிற்று. ஆல்பாய் மாகாணத்து ஓவாஸ் என்ற ஊரில் இன்றும் ‘ஆர்’ (R) எழுத்துப் பெயர்களே மிகுதி. இரத்தத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாத பெயர், 1849இல் முன்னோரின் வீடு எந்த ஊரில் இருந்தது என்பதை முதல் எழுத்திலேயே சொல்லிவிடக் கூடும். துருக்கியில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லாரும் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டபோதோ, தனித்தனியாகப் பதிந்த உடன்பிறந்தவர்கள் வெவ்வேறு பெயர் பெற்றதும் உண்டு.

பெயர் சட்டத்தால் திணிக்கப்படாமல் தந்தையிடமிருந்து மகனுக்கு இயல்பாக வந்த இடங்களிலாவது வம்சத்தைத் திட்டமாகச் சொல்லாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஓரளவு சொல்லும். ஆண்களுக்கு மட்டும் உள்ள ஒய் குரோமோசோமும் அதே வழியில் இறங்குவதால், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆக்ஸ்ஃபோர்டு மரபியலாளர் பிரயன் சைக்ஸ், தம் குடும்பப் பெயரையே கொண்ட 48 ஆண்களைச் சோதித்து 2000இல் முடிவை வெளியிட்டார். அவர்களில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் ஒரே வகை ஒய் குரோமோசோம் இருந்தது. அரிய பெயர் என்றால் இத்தகைய ஒற்றுமை கூடும். ‘ஸ்மித்’ போலக் கொல்லர் தொழிலைக் குறிக்கும் பெயரைப் பல ஊர்களில் பலர் தனித்தனியே பெற்றிருப்பதால், அங்கே ஒற்றுமையை எதிர்பார்ப்பதற்கில்லை. தத்தெடுப்பு, மறுமணம், தாய்வழிப் பெயர் என்று ஏதோவொரு காரணத்தால் நூற்றில் ஒரு பிறப்பில் மட்டும் பெயரையும் குரோமோசோமையும் பிணைக்கும் இழை அறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், 20 தலைமுறை கடக்கும்போது ஏறக்குறைய ஐந்தில் ஒரு வழி அறுந்திருக்கும்.

நேற்றிரவு ஒரு தாளின் அடியில் என் பெயரை எழுதி, மேலே பெற்றோர் இருவர், அதற்கு மேலே நால்வர் என்று கட்டம் போட்டுக்கொண்டே போனேன். ஐந்தாம் வரிசையில் 32 கட்டங்கள் வந்ததும் தாளில் இடமில்லை. பத்தாம் வரிசைக்கு 1,024 கட்டங்கள் வேண்டும். தந்தை வழியை மட்டும் சிவப்பு மையால் தீட்டினேன். வரிசைக்கு ஒரே ஒரு கட்டம், அதுவும் தாளின் ஓரத்தில். மீதி 1,023 பேரும் அதே அளவுக்கு என் முன்னோர்தாம். நான்காம் வரிசையிலேயே வரும் என் பாட்டியின் பாட்டி யார், அவர் பெயர் என்ன என்பதுகூட எனக்குத் தெரியவில்லை என்பது அந்த வெற்றுக் கட்டத்தைப் பார்த்தபோது நெஞ்சை அடைத்தது.

ஆகவே உங்கள் பேத்தியிடம் ஒரு வேண்டுகோளைச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் குடும்பப் பெயர் எந்த எழுத்தில் தொடங்குகிறது, பாட்டனார் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பார்க்கட்டும். பிலிப்பைன்ஸில் தாயின் பிறந்தவீட்டுக் குடும்பப் பெயரை நடுப்பெயராக வைத்துக்கொள்வது வழக்கம். அதையும் மறவாமல் கேட்கட்டும். பதில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்