சிறுநீரக வார்டில் என் மகளின் இதயத்தையும் பார்த்துக்கொண்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

என் மகளுக்கு 11 வயது. சிறுநீர், பையிலிருந்து மேலே ஏறிப்போகும் பிறவிக் கோளாறு அவளுக்கு. அதில் இரண்டு சிறுநீரகமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போய், இப்போது திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். இந்த நோய் என்றாலே முக வீக்கம், தண்ணீர் அளவு, ரத்தசோகை, ஊசிச் செலவு என்றுதான் பேச்சு ஓடும். இதயத் துடிப்பைப் பற்றி எங்களிடம் பேசியவர்கள் குறைவு. அந்தச் சிலருக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி, அந்த ஞாயிறு இரவு வந்த 108 தம்பிக்கு. "கால் தூக்க வரல அம்மா" என்பதைத் தவிர அவள் வேறு எதுவும் சொல்லவில்லை. நெஞ்சுவலி இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஆனால் டயாலிசிஸ் பிள்ளை, வெள்ளிக்குப் பிறகு இரண்டு நாள் இடைவெளி, கால் துவளுகிறது என்ற மூன்றையும் சேர்த்துப் பார்த்து, வண்டியில் இருந்தபடியே மருத்துவமனைக்குப் போன் போட்டு ஈசிஜி மெஷினைத் தயாராக வைக்கச் சொன்னார். டயாலிசிஸ் இல்லாத நாட்களில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும், அது தசையையும் இதயத்தையும் ஒரே சமயத்தில் பிடிக்கும் என்று அப்புறம்தான் புரிந்தது.

டூட்டி டாக்டர் அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது! ஈசிஜி தாளில், ஒவ்வொரு துடிப்புக்கும் கடைசியில் வரும் டி அலைகள் கூர்கூராக நிமிர்ந்து நின்றன. இதயத்தின் கீழறைகள் சுருங்குவதைக் காட்டும் க்யூஆர்எஸ் கோடு அகலமாகத் தொடங்கியிருந்தது. ரத்த ரிப்போர்ட் வரட்டும் என்று அவர் உட்காரவில்லை. மானிட்டரைப் பார்த்தபடி கால்சியம் குளுக்கோனேட்டை நரம்பில் மெதுவாக ஏற்றினார். ரிப்போர்ட் வந்தபோது பொட்டாசியம் 7.4 என்றிருந்தது. சாதாரணமாக 3.5 முதல் 5 வரை இருக்க வேண்டியது. கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்கு அரைமணி, ஒரு மணி நேரக் காவல் மட்டும்தான் என்றார். அந்த நேரத்துக்குள் குளுக்கோஸோடு இன்சுலின், சால்புடமால் நெபுலைசர் எல்லாம் நடந்தன. அவை பொட்டாசியத்தை செல்லுக்குள் தள்ளிவிடும். உடம்பை விட்டு வெளியேற்ற டயாலிசிஸ்தான் வேண்டும்.

கால்சியம் ஏறி முடியும்வரை ஒரு சிஸ்டர் அவள் கையை விட்டு அசையவில்லை. ஆறுதலுக்குப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தேன். மருந்து நரம்பை விட்டுக் கசிந்தால் சதை வெந்துபோகுமாம், அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறுதலும் இருந்தது, சரி.

நடுராத்திரி வீட்டிலிருந்து வந்த டயாலிசிஸ் டெக்னீஷியன் அண்ணனிடம், "சீக்கிரம் இறக்கிடுங்கண்ணே" என்று நான்தான் அவசரப்படுத்தினேன். "மடமடன்னு இறக்கினாலும் துடிப்பு தடுமாறும்மா" என்று சொல்லிவிட்டு, டாக்டரைக் கேட்டு டயாலிசிஸ் திரவத்தின் பொட்டாசிய அளவை முடிவு செய்தார். விடியும்போது மானிட்டரில் அந்தக் கூர்கள் தணிந்திருந்தன.

லேப் தங்கைக்கும் ஒரு வார்த்தை. சின்னப் பிள்ளைகளின் நரம்பில் குத்திப் பிழிந்து எடுக்கும்போது ரத்த அணுக்கள் உடைந்து, பொட்டாசியம் பொய்யாக அதிகம் காட்டிவிடும். முன்பு அப்படி ஒரு ரிப்போர்ட் வந்தபோது, சந்தேகப்பட்டு அவராகவே மறுபடி ரத்தம் கேட்டார். நேர்மாறாகவும் நடக்குமாம்: ஈசிஜி சாதாரணமாகத்தான் தெரியும், ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கும். அதனால் இரண்டையும் பார்க்கிறார்கள்.

டயட்டீஷியன் மேடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது: "வீட்ல யாருக்காவது பிபி இருக்கா? என்ன உப்பு வாங்கறீங்க?" மாமியாருக்காக வாங்கிய சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருந்தது. பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கிறது, பொடி எழுத்தில். காய்களைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். ருசி கொஞ்சம் போகும், பழகிக்கொண்டோம்.

எங்கள் தெரு மெடிக்கல் கடை அண்ணாச்சி டாக்டர் இல்லை. ஆனால் இருமலுக்கும் வாந்திக்கும் வெளியூரில் எழுதிக்கொடுத்த சீட்டில் அசித்ரோமைசினும் ஆன்டான்செட்ரானும் சேர்ந்திருப்பதைப் பார்த்து, "பாப்பாவுக்கு இது ரெண்டும் ஒண்ணா வேணாம், உங்க டாக்டரைக் கேளுங்க" என்று மருந்து தராமல் நிறுத்தினார். இரண்டுமே ஈசிஜியில் க்யூடி இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் மின்சாரத்தில் தயாராகி ஓயும் நேரத்தை, நீட்டக்கூடியவை; அதிகம் நீண்டால் துடிப்பு தடுமாறும். இவளுக்கோ கால்சியம் அடிக்கடி இறங்கும், அதுவும் நீட்டும். எங்கள் டாக்டர் மாற்றி எழுதினார். வியாபாரத்தை விட்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

விளையாட்டு விழாவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இளநீர் கொடுத்தபோது, இவளுக்கு அளந்த தண்ணீர் பாட்டிலைத் தனியாக எடுத்துவைத்த வகுப்பு டீச்சருக்கும் நன்றி. இளநீரில் பொட்டாசியம் நிறைய. அதை மற்ற பிள்ளைகள் முன்னால் சொல்லிக் காட்டாமல் செய்தாரே, அது பெரிது.

வரும் வெள்ளிக்கிழமை வார்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் கொண்டுவருகிறோம். அது உங்களுக்கு மட்டும். தான் மெஷினில் இருக்கும்போது யாரும் பெட்டியைத் திறக்கக் கூடாது என்பது மகளின் கட்டளை.