சின்னப் பவுசரையாவது ஒழுங்கைக்குள் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

தீவகத்தில் எங்கள் ஊர்க் கிணறுகளில் மாரி முடிந்து இரண்டு மாதம் போனால் சவர் ஏறிவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, சவர்க்காரம் நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் பவுசர் வண்டியில் வரும் தண்ணீர்தான். இப்போது எங்கள் பிரதேச சபை அதற்கும் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. பவுசர் ஒழுங்கைக்குள் வராதாம், பிரதான வீதியில்தான் நிற்குமாம், வீட்டுக்குக் கிழமைக்கு 500 லீற்றர்தானாம், தனியார் உழவு இயந்திரத்தில் தாங்கி ஏற்றி வந்தால் அனுமதிப்பத்திரம் காட்ட வேண்டுமாம். ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 14 லீற்றர் சொச்சம்தான் வரும்.

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் கணக்கில்லாமல் இறைத்து விற்கிறார்கள் என்று சபை காரணம் சொல்கிறது. அதில் உண்மை இருக்கிறது. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது, வழுக்கையாறும் மாரியோடு சரி. சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது, அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு மேலே வந்துவிடும், இதை எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அப்படியென்றால் இறைக்கிற கிணற்றடியில் மீற்றர் பூட்டுங்கள். கட்டட வேலைக்கும் ஹோட்டலுக்கும் போகிற தண்ணீரை மட்டுப்படுத்துங்கள். ஏன் எங்கள் குடத்தில் கைவைக்கிறீர்கள்?

பக்கத்து வீட்டு ஆச்சிக்கு எழுபது தாண்டிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில். போன கிழமை 20 லீற்றர் கானைச் சைக்கிள் கரியரில் கட்டி மணலுக்குள்ளால் உருட்டிக்கொண்டு வந்தவ, பாதி வழியில் கான் சரிந்து மூடி கழன்றுவிட்டது. நான் ஓடிப்போய் நிமிர்த்துவதற்குள் மணல் எல்லாத்தையும் குடித்துவிட்டது. ஆச்சி ஒன்றும் பேசவில்லை, அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. நாங்கள் திரும்பி வீதிக்குப் போனபோது பவுசர் போய்விட்டது.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளுக்கு 24,000 கனமீற்றர் என்றார்கள், சந்தோசப்பட்டோம். எங்கள் ஒழுங்கைக்கு இன்னும் குழாய் வரவில்லை.

பெரிய பவுசர் வந்தால் ஒழுங்கை உடையும் என்பது சரிதான். ஆனால் லான்ட்மாஸ்டர் என்கிற சின்ன இருசக்கர உழவு இயந்திரத்தில் 1,000 லீற்றர் தாங்கி ஏற்றி வந்தால் எந்த ஒழுங்கையும் தாங்கும். குழாய் வரும் வரைக்கும் கிழமைக்கு இரண்டு தரம் அதை உள்ளே அனுப்புங்கள், முதியவர்களும் நோயாளிகளும் இருக்கிற வீடுகளின் விபரம் கிராம அலுவலரிடம் இருக்கிறது, அந்தப் படலைகளில் முதலில் நிற்கட்டும். தவிசாளரும் உறுப்பினர்களும் அடுத்த அமர்விலேயே இதை எடுக்க வேண்டும், கோடை முடியும் வரை எங்களால் காத்திருக்க முடியாது.

தீவக வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்.